விசாவுக்கு எச்சில் எதற்கு?

தாராவிக்கும் பாந்திரா குர்லா காம்ப்ளக்ஸுக்கும் நடுவில் இருப்பது மித்தி ஆறு மட்டும்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகம். இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறப் போகிறவர்களின் நேர்காணல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்துகூட இதற்காக மும்பைக்கு ரயிலேறி வருகிறார்கள். மகனோ மகளோ அங்கே குடியுரிமை வாங்கிக்கொண்டு அப்பா அம்மாவுக்கு மனுப் போட்டிருப்பார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி ஒரு தாளை நீட்டுவார். 221(ஜி) என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இன்னும் ஆதாரம் வேண்டும், அதுவரை விசா கிடையாது என்று அர்த்தம். சில பேருக்கு அதோடு டிஎன்ஏ சோதனை பற்றிய குறிப்பும் சேர்ந்து வரும்.

வீட்டில் முதலில் கிளம்புவது கோபம். "நான் பெத்த பிள்ளைன்னு நான் சொன்னா போதாதாய்யா, எச்சிலை வேற எடுத்துக் காட்டணுமா?" என்று கேட்கும் ஆச்சிகள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த ஆச்சியின் காகிதங்களைப் பார்க்க வேண்டும்.

காகிதம் படுத்தும் பாடு

தாராவி, சயான் கோலிவாடா, அண்டாப் ஹில் பக்கத்து நெல்லைக்காரக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் மூத்த பிள்ளை ஊரில் பிறந்திருக்கும். மருத்துவச்சி பார்த்த பிரசவம். பதிவு என்று எதுவும் கிடையாது. அடுத்த பிள்ளை சயான் ஆஸ்பத்திரியில். மாநகராட்சியில் பதிவு இருக்கும், ஆனால் குழந்தையின் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலி. பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவது?

அப்புறம் பள்ளிக்கூடம். மகாராஷ்டிராவில் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கேட்பார்கள். நமக்கு மூன்றாவதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. கூடப் போன மாமா தாத்தா பெயரைச் சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் சாதிப் பெயர் ஏறியிருக்கும். ஊரில் 'சு. முருகன்', லீவிங் சர்டிபிகேட்டில் 'முருகன் சுப்பையா நாடார்', ரேஷன் கார்டில் 'முருகேசன்', பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'முருகன் சுப்பையா'. அம்மா ஒரு இடத்தில் லட்சுமி, இன்னொரு இடத்தில் லெட்சுமியம்மாள். நாலும் ஒரே ஆள்தான் என்பது தெருவுக்கே தெரியும். அமெரிக்காவிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

பதிவு செய்யாத பிறப்பைப் பிற்பாடு பதிய வழி இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கிப் பதியலாம். பாஸ்போர்ட் எடுக்கும்போது நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். சான்றிதழ் அசல்தான். ஆனால் 1978-இல் பிறந்தவருக்கு 2015-இல் வழங்கப்பட்ட சான்றிதழ், பிறந்த அன்றைக்கு நடந்ததற்குச் சாட்சி ஆகாது. 2015-இல் குடும்பம் சொன்னதை அரசாங்கம் எழுதித் தந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அதிகாரி நினைப்பார். நினைப்பதில் தப்பும் சொல்ல முடியாது. கேட்ட சான்றிதழை அடித்துத் தருகிற கடைகளும் நம் ஊரில் இருக்கின்றனவே.

அதனால் முதலில் மற்ற ஆதாரங்களைக் கேட்பார்கள். பள்ளிப் பதிவு, பழைய குடும்பப் புகைப்படங்கள், பெரியவர்களின் சத்தியப் பிரமாணம், அனுப்பிய பணத்தின் ரசீது. இவற்றாலும் சந்தேகம் தீராதபோதுதான் டிஎன்ஏ. கனடாவின் குடிவரவுத் துறை இதைக் கடைசி வழி என்றே தன் விதிகளில் வைத்திருக்கிறது.

எச்சிலில் என்ன தெரிகிறது

உண்மையில் எடுப்பது எச்சில்கூட இல்லை. கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்க்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ இருக்கிறது. அதில் பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து வந்தது.

ஆய்வுக்கூடம் முழு டிஎன்ஏவையும் படிப்பதில்லை. சுமார் இருபது குறிப்பிட்ட இடங்களை மட்டும் பார்க்கிறது, சில கூடங்கள் இன்னும் கூடுதலாகவும் பார்க்கும். அந்த இடங்களில் ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு இடத்துக்கும் நமக்கு இரண்டு எண்கள் உண்டு, அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. உதாரணமாக ஓர் இடத்தில் அம்மாவுக்கு 12, 15 என்றும் மகனுக்கு 15, 17 என்றும் வந்தால், 15 அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் 17 அப்பாவிடம் இருந்தாக வேண்டும். இப்படி இருபது இடத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். எண்கள்தான் பேசும். நிறம், நோய், சாதி எதுவும் இந்த எண்களிலிருந்து படிக்கப்படுவதில்லை.

ஓர் இடத்தில் எண் ஒத்துப்போனால் மட்டும் என்ன நிரூபணம்? ஒன்றும் இல்லை. சம்பந்தமே இல்லாத இருவருக்கும் ஓர் இடத்தில் ஓர் எண் பொதுவாக இருப்பது சர்வசாதாரணம். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இருபது இடத்திலும் தற்செயலாக ஒத்துப்போக வேண்டுமென்றால் இருபது இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அதாவது, யாரோ ஒரு பெண்ணை அழைத்து வந்து "இவர்தான் என் அம்மா" என்று சொன்னால், சோதனையில் தப்பிக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இது புரிந்துகொள்வதற்கான தோராயக் கணக்குதான். நிஜத்தில் ஒவ்வோர் எண்ணும் மக்களிடையே எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்கிடுவார்கள். அரிதான எண் பொருந்தினால் அதற்கு மதிப்பு அதிகம்.

மாறாக, உண்மையான அம்மா பிள்ளையிடையே ஓர் இடத்தில் பொருந்தாமல் போவதும் உண்டு. டிஎன்ஏ நகலாகும்போது எப்போதாவது ஓர் எண் கூடவோ குறையவோ செய்யும். எனவே ஒரே ஓர் இடம் முரண்பட்டால் உறவே இல்லை என்று சொல்லிவிட மாட்டார்கள். பல இடங்கள் முரண்பட்டால் சொல்லிவிடுவார்கள். 'இல்லை' என்ற பதில் இந்தச் சோதனையில் ரொம்ப உறுதியானது. 'ஆம்' என்ற பதில்தான் சதவீதத்தில் வரும்.

அந்தச் சதவீதம் என்ன? பெற்றோர், பிள்ளை உறவுக்கு அமெரிக்கா கேட்பது குறைந்தது 99.5%. கனடா கேட்பது 99.8%. 99.5% என்றால் இருநூறு பேரில் ஒருவருக்குத் தப்பாகச் சொல்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இவர் நிஜமான அம்மா என்றால் இந்த எண்கள் இப்படி வர எவ்வளவு வாய்ப்பு, சம்பந்தமில்லாதவர் என்றால் எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். முதலாவது இரண்டாவதைவிட 199 மடங்கு என்றால், ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கில், 200-இல் 199, அதாவது 99.5% வரும். உண்மையான உறவுகளில் இது பெரும்பாலும் 99.99-ஐத் தாண்டி ஓடும்.

இங்கே ஒரு கொக்கி இருக்கிறது. 'சம்பந்தமில்லாதவர்' என்றுதானே ஒப்பிட்டோம்? அழைத்து வந்தவர் சம்பந்தமில்லாதவராக இல்லாமல் சித்தியாக இருந்தால்? அம்மாவின் டிஎன்ஏவில் பாதி சித்திக்கும் பொதுவானது. மேலே போட்ட அதே தோராயக் கணக்கில், ஓர் இடத்தில் சித்தி தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு பாதியிலிருந்து முக்காலாக ஏறிவிடும். இருபது இடத்துக்கும் பெருக்கிப் பார்த்தால், பத்து லட்சத்தில் ஒன்றாக இருந்தது சுமார் முந்நூற்றில் ஒன்றாக இறங்கிவிடுகிறது. அப்பாவுக்குப் பதில் பெரியப்பா என்றாலும் இதே கதைதான். நெருங்கிய சொந்தம் என்ற சந்தேகம் இருந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்கள் கூடுதல் இடங்களைப் பார்ப்பார்கள், கணக்கையும் வேறு மாதிரிப் போடுவார்கள்.

முதல் வழக்கே இதுதான்

டிஎன்ஏ என்றதும் நமக்குக் கொலை, கொள்ளை, நீதிமன்றம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் ஒருவரை அடையாளம் காண டிஎன்ஏ முதன்முதலில் உதவியது ஒரு குடிவரவு வழக்கில்.

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984 செப்டம்பரில் டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டுபிடித்தார். செய்தி பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த ஒரு வழக்கறிஞர் அவருக்குக் கடிதம் எழுதினார். கானா நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பம். பையன் பிறந்தது இங்கிலாந்தில், கொஞ்ச காலம் கானாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். பாஸ்போர்ட்டில் சந்தேகம் என்று சொல்லி, வந்திருப்பது அந்த அம்மாவின் பிள்ளை இல்லை என்றார்கள் அதிகாரிகள். ரத்த வகைச் சோதனை செய்து பார்த்தார்கள். இருவரும் சொந்தம் என்று தெரிந்தது. ஆனால் அவர் அம்மாவா, பெரியம்மா சித்தி முறையா என்று சொல்ல முடியவில்லை. மேலே பார்த்தோமே, அதே கொக்கி!

அப்பா சோதனைக்குக் கிடைக்கவில்லை. ஜெஃப்ரீஸ் அந்த அம்மாவின் மற்ற மூன்று பிள்ளைகளையும் சோதித்தார். அந்த நாளைய முறையில் எண்கள் கிடையாது, டிஎன்ஏ ஒரு படத்தில் கோடு கோடாகத் தெரியும். பிள்ளைகளிடம் இருக்கிற, ஆனால் அம்மாவிடம் இல்லாத கோடுகளெல்லாம் அப்பாவிடமிருந்துதானே வந்திருக்க வேண்டும்? இப்படி ஆள் இல்லாமலே அப்பாவின் டிஎன்ஏவைக் கட்டி எழுப்பினார். பையனின் ஒவ்வொரு கோடும் அம்மாவிடமோ அந்த அப்பாவிடமோ இருந்தது. 1985-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் வழக்கைக் கைவிட்டது. பையன் குடும்பத்தோடு சேர்ந்தான். கொலை வழக்குகளெல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்தது, சோதனையைக் கேட்டது குடும்பத்தின் பக்கம் என்பதுதான். அதிகாரி நம்பாததை நிரூபிக்க அது அவர்கள் கையில் கிடைத்த ஆயுதம். பிற்பாடு அது கை மாறியது.

சோதனை எப்படி நடக்கும்

கடையில் வாங்கும் கிட், ஆன்லைனில் வரும் பூர்வீகம் காட்டும் சோதனை, நம்ம ஊர் லேபில் தானாகப் போய்ச் செய்தது எதுவும் செல்லாது. அமெரிக்க விசாவுக்கு ஏஏபிபி என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கூடத்தில்தான் செய்ய வேண்டும். ஏற்பாடு அமெரிக்காவில் இருக்கும் மகனிடமிருந்து தொடங்கும். அவர் கூடத்தைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, தன் மாதிரியை அங்கேயே கொடுப்பார். இங்கே இருப்பவருக்கான கிட், கூடத்திலிருந்து நேராகத் தூதரகம் குறிப்பிடும் இடத்துக்கு வரும். செலவு முழுக்க விண்ணப்பிக்கிற குடும்பத்தின் தலையில்.

குறித்த நாளில் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். அடையாளம் பார்த்து, புகைப்படம் எடுத்து, சாட்சியின் முன்னால் கன்னத்தில் குச்சியைத் தேய்ப்பார்கள். ஒரு நிமிடத்து வேலை, வலி கிடையாது. அரை மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. வெற்றிலை போடுகிற ஆச்சியாக இருந்தால் காலையிலேயே பையை வாங்கி வைத்துவிடுங்கள். குச்சி உறைக்குள் போய், முத்திரை வைத்து, கூடத்துக்குத் திரும்பிப் போகும். உங்கள் கையில் எந்தக் கட்டத்திலும் அது வராது. முடிவும் கூடத்திலிருந்து நேராகத் தூதரகத்துக்குத்தான். இடையில் ஆள் மாறாமல் இருக்கத்தான் இத்தனை கெடுபிடி.

அண்ணன் தங்கை மனு என்றால் விஷயம் சிக்கலாகிறது. அமெரிக்கக் குடிமகளான தங்கை இந்தியாவில் இருக்கும் அண்ணனுக்கு மனுப் போட்டால், முறை வரவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்குள் அப்பா அம்மா இருவருமே போய்ச் சேர்ந்திருக்கலாம். கூடப்பிறந்தவர்களை மட்டும் வைத்துச் சோதித்தால், எந்த ஓர் இடத்திலும் பெற்றோரிடமிருந்து இருவரும் இரண்டு எண்களையும் ஒன்றாக வாங்கியிருக்க நாலில் ஒரு வாய்ப்பு, ஒன்றை மட்டும் பொதுவாக வாங்கியிருக்க பாதி வாய்ப்பு, ஒன்றுமே பொதுவாக வாங்காமல் போகவும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்த அண்ணன் தங்கை சில இடங்களில் அந்நியர் மாதிரித் தெரிவார்கள். அதனால் முடிவு பெற்றோர் சோதனை அளவுக்குத் தெளிவாக வராது. அம்மா உயிரோடு இருக்கும்போதே மாதிரி எடுக்க வாய்ப்பு கிடைத்தால் அதுதான் நல்லது.

கணவன் மனைவி உறவை டிஎன்ஏவால் நிரூபிக்க முடியாது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்கிறார்கள்.

பெற்றதும் வளர்த்ததும்

நம் வீடுகளில் அக்கா செத்துப்போனால் அவள் பிள்ளையைத் தங்கை தன் பிள்ளையாகவே வளர்ப்பாள். பிள்ளை இல்லாத தம்பிக்கு அண்ணன் ஒரு பிள்ளையை விட்டுக்கொடுப்பான். ரேஷன் கார்டிலும் பள்ளியிலும் வளர்த்தவர் பெயர்தான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கே கல்யாண வயதில்தான் விஷயம் தெரியவரும், சில சமயம் அதுவும் வராது. விண்ணப்பத்தில் 'மகன்' என்று எழுதும்போது யாரும் பொய் சொல்வதாக நினைப்பதில்லை. டிஎன்ஏ 'இல்லை' என்று சொல்லும், தூதரகக் கோப்பில் அது மோசடி என்று பதிவாகலாம்.

இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. அமெரிக்கா தன் அகதிகள் திட்டத்தின் குடும்பச் சேர்க்கைப் பிரிவில் 2008-இல் கென்யாவின் நைரோபியில் சுமார் 500 பேரை வைத்து ஒரு சோதனை முயற்சி தொடங்கி, பிறகு எத்தியோப்பியா, உகாண்டா, கானா முதலிய நாடுகளில் சுமார் 3,000 பேருக்கு விரிவாக்கியது. சொன்ன ரத்த உறவுகள் அத்தனையும் உறுதியான குடும்பங்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. திட்டத்தையே நிறுத்தினார்கள், 2012-இல் டிஎன்ஏ கட்டாயம் என்ற விதியோடு திரும்பத் தொடங்கினார்கள்.

எண்பது சதவீதம் பேர் ஏமாற்றுக்காரர்கள் என்று இதைப் படித்தவர்கள் நிறைய. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரே ஓர் உறவு பொருந்தாவிட்டாலும் அந்தக் குடும்பம் முழுவதும் தோல்விக் கணக்கில்தான் சேர்ந்தது. சோதனைக்கு மறுத்தவர்களும் அதில்தான். போரில் அநாதையான அண்ணன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடிய பெண்ணும், காசு வாங்கிக்கொண்டு அந்நியனைப் பெயரில் சேர்த்தவரும் ஒரே கட்டத்தில் விழுந்தார்கள். மோசடியும் இருந்திருக்கும், மறுக்கவில்லை. எது எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. அதே 2008-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம், ரத்த உறவு இல்லை என்பதாலேயே குடும்பம் இல்லை என்று ஆகிவிடாது என்கிற நிலையில் ஒரு குறிப்பை வெளியிட்டது.

ஆகவே நடைமுறையில் செய்ய வேண்டியது ஒன்று: தத்துப் பிள்ளையைத் தத்துப் பிள்ளை என்றே எழுதுங்கள். தத்துக்கு வேறு விதிகள், வேறு வயது வரம்பு, வேறு காகிதங்கள் உண்டு, அவை கடினமானவைதான். ஆனால் பெற்ற பிள்ளை என்று எழுதிவிட்டுச் சோதனையில் மாட்டினால் எல்லாக் கதவும் அடைபடும். மாற்றாந்தந்தை உறவும் அப்படியே. பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன் அம்மாவைக் கல்யாணம் செய்தவரை அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் பெற்றோராக ஏற்கிறது, ரத்த உறவு தேவையில்லை. எந்த உறவின் பேரில் மனு போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொரு சங்கடம், யாருக்குமே தெரியாத ரகசியம் வெளியே வருவது. அப்பா என்று நாற்பது வருடமாகக் கூப்பிட்டவர் அப்பா இல்லை என்று ஒரு தாள் சொன்னால், விசா போவது அந்த வீட்டில் சின்ன விஷயம். இந்தியச் சட்டம் இந்த இடத்தில் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்கிறது. செல்லுபடியாகும் திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை, கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்காதவரை, கணவனுடையதே என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. புதிய பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 116. குழந்தையின் டிஎன்ஏவைச் சோதிக்க எடுத்த எடுப்பில் உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல்கூடச் சொன்னது. நம் நீதிமன்றம் பார்க்காமல் விடும் இடத்தைத்தான் தூதரகம் பார்க்கச் சொல்கிறது. அம்மா மட்டும் போவதாக இருந்தால் அம்மாவையும் பிள்ளையையும் மட்டும் சோதித்தால் போதும், அப்பாவை இழுக்க அவசியமில்லை. இதைக் குச்சி வாய்க்குள் போவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

விருப்பம் என்றால் விருப்பமா

எந்த நாட்டுக் கடிதத்தைப் பார்த்தாலும் 'சோதனை கட்டாயமில்லை' என்று ஒரு வரி இருக்கும். செய்யாவிட்டால்? கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்து முடிவெடுப்போம் என்பார்கள். அந்த ஆதாரம் போதாது என்றுதானே சோதனையே வந்தது. மறுக்கிற உரிமை காகிதத்தில் இருக்கிறது. மறுத்தவருக்கு விசாதான் இல்லை.

பிரிட்டன் அந்தச் சின்ன இடைவெளியையும் விடவில்லை. அந்த நாட்டு உள்துறை தன் கூர்க்கா வீரர்களின் வளர்ந்த பிள்ளைகளிடமும், பிரிட்டிஷ் படைக்கு வேலை செய்த ஆப்கானியர்களின் குடும்பங்களிடமும், வேறு சிலரிடமும் டிஎன்ஏ தந்தே ஆக வேண்டும் என்று கேட்டிருந்தது தெரியவந்தது. அப்படிக் கேட்கச் சட்டத்தில் அதிகாரமே இல்லை. 2018 அக்டோபரில் உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். தானாக முன்வந்து தருவதாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பிரான்ஸில் 2007-இல் தியெரி மரியானி என்ற நாடாளுமன்ற உறுப்பினர், குடும்ப விசாவுக்கு டிஎன்ஏ சோதனையை அனுமதிக்கக் கொண்டுவந்த சட்டத் திருத்தம் பெரிய சண்டையைக் கிளப்பியது. ஊர்வலம், கையெழுத்து இயக்கம் என்று போய், கடைசியில் தாயோடு உள்ள உறவை மட்டும் சோதிக்கலாம் என்று சுருக்கிச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அமலுக்குக் கொண்டுவரும் ஆணையில் 2009-இல் அமைச்சர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சட்டம் ஏட்டிலேயே நின்றது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு உண்டு. ஒன்று, அமெரிக்காவின் தெற்கு எல்லையில் 2019-இல் தொடங்கிய விரைவுச் சோதனை. குழந்தையோடு எல்லை தாண்டி வருகிறவர் நிஜமாகவே பெற்றோரா என்று ஒன்றரை மணி நேரத்தில் சொல்லும் இயந்திரம். 2023-இல் அதை நிறுத்தினார்கள். இன்னொன்று, குடிவரவுக் காவலில் இருப்பவர்களின் டிஎன்ஏவை எடுத்துக் குற்றவியல் தரவுத்தொகுப்பில் சேர்ப்பது. 2020-இல் அதற்கான விதி விரிவாக்கப்பட்டது. விசாவுக்காக உறவை நிரூபிக்கும் சோதனை வேறு, காவலில் எடுப்பது வேறு.

எல்லாவற்றிலும் அபத்தமானது 2009-இல் பிரிட்டன் செய்தது. புகலிடம் கேட்டு வருகிறவர் உண்மையில் சோமாலியர்தானா என்று டிஎன்ஏவையும், முடியிலும் நகத்திலும் உள்ள ஐசோடோப்புகளையும் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள வகைகள்) வைத்துக் கண்டுபிடிக்க ஒரு முன்னோட்டத் திட்டம் போட்டார்கள். மேலே சொன்ன ஜெஃப்ரீஸ் உட்பட விஞ்ஞானிகள் கண்டித்தார்கள். மரபணு என்ன எல்லைக்கோட்டைப் பார்த்தா ஓடுகிறது? யாழ்ப்பாணத்துத் தமிழரும் ராமநாதபுரத்துத் தமிழரும் எந்த நாட்டவர் என்று கன்னத்துச் செல்லைக் கேட்டால் அது என்ன சொல்லும்? 2011-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. 2019-இல் மக்களவையில் வைக்கப்பட்ட டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதாவில், சோதனை செய்யத்தக்க விஷயங்களின் பட்டியலில் குடிவரவும் குடிபெயர்வும் இருந்தன. அந்த மசோதாவை அரசாங்கம் 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள், யாருக்குத் தருவார்கள் என்பதெல்லாம் கூடத்தோடு போடும் ஒப்புதல் படிவத்தில் இருப்பதுதான். பொடி எழுத்தில் இருந்தாலும் அமெரிக்காவில் இருக்கும் மகன் அதைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். படிவம் பெரும்பாலும் அவர் கையில்தான் வரும்.

கடைசியாக, 99.99% என்று முடிவு வந்தாலே விசா வந்துவிட்டது என்று பெட்டி கட்டிவிடாதீர்கள். அது உறவு பற்றிய சந்தேகத்தை மட்டும்தான் தீர்க்கும். மகனின் வருமானத்தைக் காட்டும் உறுதிப் பத்திரம், மருத்துவச் சோதனை, போலீஸ் சான்றிதழ் எல்லாம் அதே கோப்பில் தனியாகக் காத்திருக்கும். சோதனைக்குப் போன மாதங்களில் மருத்துவச் சான்று காலாவதி ஆகியிருந்தால், அதை மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள்.